கிளி நம்மை நம்ப எத்தனை நாள் ஆகும்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.)



எனக்கு மேடைப் பேச்சு வராது. வங்கியில் 34 வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன். டோக்கன் நம்பரைத் தவிர வேறு எதையும் உரக்கச் சொல்லிப் பழக்கமில்லை. "உங்க கிளியைப் பத்திப் பேசுங்க அண்ணாச்சி, பிள்ளைக ஆசைப்படுதுக" என்று செயலாளர் சொன்னபோது முதலில் மறுத்தேன். பிறகு ஒத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. வெள்ளத்துக்குப் பிறகு நம் குடியிருப்பில் நாலு வீட்டுக்காரர்கள் என்னிடம், "கிளி எங்க கிடைக்கும், என்ன விலை?" என்று கேட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் கேட்காமலேயே வாங்கியும் விட்டார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

விலையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். வாங்கி வந்த பிறகு அந்தப் பறவை உங்களை நம்ப என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நானும் தப்பு செய்துதான் கற்றுக்கொண்டேன்.

பேசிய கிளி

எனக்கு 11 வயதிருக்கும்போது அப்பா ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கி வந்தார். மொட்டைப் பனையின் பொந்திலிருந்து எடுத்தது. அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அது சர்வ சாதாரணம். இறக்கையைக் கத்தரியால் வெட்டி, இரும்புக் கூண்டில் போட்டுத் திண்ணையில் தொங்கவிட்டோம். ஆறே மாதத்தில் அது பேசியது. அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரியே "ஏலே, எந்தி!" என்று கத்தும். தெருவே சிரிக்கும். எனக்கு அவ்வளவு பெருமை.

நாலு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது. ஒரு தீபாவளி ராத்திரி வெடிச் சத்தத்தில் கூண்டுக்குள் அடித்துக்கொண்டது. காலையில் பார்த்தால் கீழே கிடந்தது. நான் ரெண்டு நாள் அழுதேன்.

இப்போது இந்த வயதில் யோசித்துப் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. அந்த நாலு வருஷத்தில் அது ஒரு தடவைகூட என் கையில் வந்து உட்கார்ந்ததில்லை. நான் கையை நீட்டினால் கூண்டின் மூலைக்கு ஓடும். பேசியதே தவிர, என்னை நம்பவில்லை. பேசுவதும் நம்புவதும் ஒன்று என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பிள்ளைகளே, இன்று நான் சொல்வதில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் போதும். கிளி வராமல் இருக்க முடியும்போது வந்தால், அதுதான் நம்பிக்கை. பிடித்து வைத்துக்கொண்டால் அதற்குப் பேர் வேறு.

சார்லி வந்தது

என்னிடம் இப்போது இருப்பது பச்சைக்கிளி இல்லை. காக்கட்டீல் என்கிற ஆஸ்திரேலியப் பறவை. நம் ஊர்க் கடைகளில் காக்டெயில் என்பார்கள். கேட்டவர் வேறு எதையோ நினைத்துக்கொள்வார்! கொண்டைக்கிளிக் குடும்பத்திலேயே மிகச் சிறியது. பெரும்பாலும் 80 முதல் 100 கிராம் எடை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேல் இருக்கும். அதனால் 65 வயதில் இதை எடுக்கிறவன், தனக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நான் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

2023 ஆகஸ்டில் மகனின் நண்பர் வெளிநாடு போவதால் அதை எங்களிடம் கொடுத்தார். அவருக்கும் முன்னால் வேறொரு வீட்டில் இருந்ததாம். ஆக எங்கள் வீடு அதற்கு மூன்றாவது. பேர் சார்லி. என் வீட்டுக்காரி 'முத்து' என்று மாற்றலாம் என்றாள். நான்தான் வேண்டாமென்றேன். வீடு மாறிவிட்டது, ஆள் மாறிவிட்டது, சாப்பாடு மாறிவிட்டது. அதற்குத் தெரிந்த ஒரே பழைய சாமான் அந்தப் பேர்தான். அதையும் ஏன் பிடுங்க வேண்டும்? வளர்ந்த பறவையைத் தத்தெடுக்கிறவர்கள் பழைய பேர், பழைய தீனி, பழைய கூண்டு மூன்றையும் கொஞ்ச நாள் அப்படியே விடுங்கள். மாற்ற வேண்டியதை ஒவ்வொன்றாக, மெதுவாக மாற்றலாம்.

துண்டு

வந்த நாலாம் நாள் பேத்தி வீடியோ காலில் வந்தாள். "தாத்தா, கிளியைக் கையில வெச்சுக் காட்டுங்க" என்றாள். எனக்கும் காட்ட ஆசை. தோளில் கிடந்த சிவப்புக் கட்டம் போட்ட துண்டை எடுத்து, கூண்டுக்குள் கைவிட்டு, அதைப் போர்த்திப் பிடித்தேன். பாம்பு மாதிரி சீறியது. ஆள்காட்டி விரலில் ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தது. நான் "ஆ" என்று கத்திக் கையை உதறினேன். அது போய்க் கம்பியில் மோதியது. பேத்தி போனை வைத்துவிட்டாள்.

அன்று முழுக்க அது சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு நான் ஹாலுக்குள் நுழைந்தாலே பின்பக்கக் கம்பியில் ஒட்டிக்கொள்ளும். துண்டைக் கண்டால் இன்னும் மோசம். சில மாதம் வீட்டுக்குள் தோளில் துண்டே போடாமல் இருந்தேன். ஒரு நிமிஷ அவசரத்தை ஈடுகட்ட எனக்கு ஆறு வாரம் ஆயிற்று. கடன் வட்டியில் இவ்வளவு கொடிய வட்டியை நான் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஏன் அப்படி? கிளி இனம் எல்லாமே பருந்துக்கும் பூனைக்கும் இரையாகிற இனம். மேலிருந்து வருகிற கை அதற்குப் பருந்தின் கால். போர்த்துகிற துணி அதற்கு இருட்டு. நாம் அன்பாகத்தான் பிடிக்கிறோம் என்பது நமக்குத்தான் தெரியும்.

இதே நேரத்தில் என் வீட்டுக்காரியிடம் அது பழகிவிட்டது! அவள் ஒன்றுமே செய்யவில்லை. தினம் காலையில் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்வாள். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். தனக்குத்தானே ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரத்தில் அது கம்பி ஓரமாக நகர்ந்து வந்து கழுத்தை நீட்டிப் பார்க்க ஆரம்பித்தது. பத்தாம் நாள் கம்பிக்கு வெளியே கிடந்த ஒரு கீரைக் காம்பை அலகால் இழுத்துக்கொண்டது. "நீங்க அத வெறிச்சு வெறிச்சுப் பாக்கியோ, அது பயப்படுது" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இரண்டு கண்ணாலும் நேராக உற்றுப் பார்ப்பது வேட்டையாடுகிற மிருகத்தின் பார்வை.

நான் செய்த வரிசை

அதற்குப் பிறகு ஒரு பழைய லெட்ஜர் நோட்டை எடுத்து, தினமும் என்ன செய்தேன், அது என்ன செய்தது என்று எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இடம். கூண்டின் ஒரு பக்கம் சுவரில் ஒட்டி இருக்கட்டும்; நாலு பக்கமும் திறந்திருந்தால் அதற்கு நிம்மதி இருக்காது. ஆட்கள் புழங்குகிற ஹால் நல்லது. அடுப்படி கூடவே கூடாது. நான்ஸ்டிக் தவா அதிகமாகச் சூடேறினால் வருகிற புகை, நமக்கு வாசனையே தெரியாது, பறவையைச் சில நிமிஷத்தில் கொன்றுவிடும். சாம்பிராணி, ஊதுவத்தி, கொசுவத்திப் புகையும் ஆகாது. ராத்திரி 10 மணி நேரமாவது தொந்தரவில்லாத தூக்கம் வேண்டும். ஆனால் கும்மிருட்டு வேண்டாம். காக்கட்டீலுக்கு இருட்டில் திடீரென்று பயம் பிடித்துக் கூண்டுக்குள் அடித்துக்கொள்கிற சுபாவம் உண்டு. ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போதும்.

இரண்டாவது, சும்மா உட்காருவது. காலையும் மாலையும் கால் மணி நேரம், ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து பேப்பரை மெல்லிய குரலில் படித்தேன். அது கேட்கும். அதன் கொண்டையைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கொண்டை விறைத்து நின்றால் எதையோ கண்டு உஷாராகி இருக்கிறது. தலையோடு ஒட்டப் படிந்து, சீறினால், "போ" என்கிறது. பாதி சாய்ந்து தளர்வாக இருந்தால் நிம்மதி. தூங்கப் போகும்போது அலகை நறநறவென்று தேய்க்கும். அது திருப்தியின் சத்தம். நான் பக்கத்தில் இருக்கும்போது அது முதல் தடவை அலகைத் தேய்த்தது 23ஆம் நாள். லெட்ஜரில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது, தினை. சங்க காலம் தொட்டு நம் பெண்கள் தினைப்புனத்தில் பரண் கட்டிக் கிளியை விரட்டினார்கள் என்று படித்திருக்கிறோம். நம் வள்ளியம்மையும் அந்த வேலைதான் பார்த்தாள். நான் அதே தினையைக் காட்டிக் கிளியைக் கூப்பிட்டேன். தினைக் கதிர் என்றால் அதற்கு உயிர். அதை அன்றாடச் சாப்பாட்டில் போடாமல், பரிசாக மட்டும் வைத்துக்கொண்டேன். முதலில் கம்பிக்கு வெளியே நின்று நீளமான கதிரின் நுனியை நீட்டினேன். அது ஒரு மணியைக் கொத்தியதும் "சபாஷ்" என்றேன். அந்த வார்த்தை, அது செய்த அந்த நொடியிலேயே வர வேண்டும். தாமதமாகச் சொன்னால் எதற்காகப் பாராட்டு என்று அதற்குப் புரியாது. நாளாக நாளாகக் கதிரின் நீளத்தைக் குறைத்தேன். 41ஆம் நாள் என் உள்ளங்கையிலிருந்து தின்றது.

நான்காவது, குச்சி. ஒரு ஐஸ் குச்சியின் நுனியை அது அலகால் தொட்டால் சபாஷ், ஒரு தினை. ரெண்டே நாளில் பிடித்துக்கொண்டது. பிறகு குச்சி போகிற இடமெல்லாம் அது வரும். கையால் தொடாமலே அதைக் கூண்டுக்கு வெளியேயும் உள்ளேயும் கூட்டிப்போகலாம். டால்பின்களைப் பழக்கியவர்கள் இதே வழியில்தான் விசில் ஊதி மீன் கொடுத்துப் பழக்கினார்கள். டால்பினைச் சங்கிலி போட்டு இழுக்க முடியாதல்லவா? அது தானாக வந்தால்தான் உண்டு.

ஐந்தாவது, விரல். கால்களுக்குச் சற்று மேலே, அடிவயிற்றுப் பக்கம் விரலை மெதுவாக நீட்டி "ஏறு" என்று சொல்ல வேண்டும். ஏறினால் சபாஷ். ஏறாவிட்டால் விரலை எடுத்துவிட வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு விரலால் தள்ளுவார்கள். தள்ளாதீர்கள். சார்லி 63ஆம் நாள் ஏறியது. மூன்று நொடி இருந்துவிட்டு இறங்கிப் போயிற்று. எனக்குப் பிரமோஷன் ஆர்டர் வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை.

ஒவ்வொரு தடவையும் ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை. அதற்கு மேல் வேண்டாம். அது சலிப்பதற்கு முன்னால் நாம் முடித்துவிட வேண்டும். பட்டினி போட்டுப் பழக்குவது பெரிய பாவம்; இவ்வளவு சின்ன உடம்பு தாங்காது. கடித்தால் கத்தாதீர்கள், உதறாதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். சத்தம் போடாமல் அதை இறக்கிவிட்டு, கடிப்பதற்கு முன்னால் அது சொன்ன எதை நாம் கவனிக்கவில்லை என்று யோசியுங்கள். கொண்டை படிந்திருக்கும், உடம்பைப் பின்னால் சாய்த்திருக்கும். நாம்தான் பார்த்திருக்க மாட்டோம்.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்கிற விஞ்ஞானி 1977இல் ஒரு கடையில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கி, அலெக்ஸ் என்று பேர் வைத்து 30 வருஷம் அதனோடு வேலை செய்தார். அது நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் கேட்டால் சரியாகச் சொல்லும். 2007இல் இறந்தபோது உலகம் முழுக்கப் பத்திரிகையில் செய்தி வந்தது. அலெக்ஸ் கற்ற வார்த்தைகளில் எனக்குப் பிடித்தது, பாடம் அலுத்துப்போனால் கூண்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று அது சொல்லுமாம், அதுதான். வேண்டாம் என்று சொல்ல முடிகிற மாணவன்தான் மனசார வேண்டும் என்றும் சொல்லுவான்.

இன்னும் சில வீட்டு விஷயம். எங்கள் வீட்டில் சுவிட்ச் போர்டில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன்: "கூண்டு திறந்தால் ஃபேன் நிற்க வேண்டும்." ஓடுகிற ஃபேனில் அடிபடுவதும், திறந்த ஜன்னலில் பறந்து போவதும்தான் நம் மாதிரி வீடுகளில் பெரிய ஆபத்து. கொசுவலை அடிக்காத ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் வெளியே விட வேண்டும். தானியம் மட்டும் போதாது; முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட், வேகவைத்த மக்காச்சோளம் கொடுக்கலாம். சாக்லேட், காபி, டீ, வெண்ணெய்ப்பழம் நான்கும் அதற்கு விஷம். வாரம் ஒரு தடவை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். கிளி தன் நோயை ஒளித்துவைக்கும். எடை குறைவதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். காலையும் மாலையும் இது கொஞ்சம் கத்தும் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாங்கள் சொன்னோம், இதுவரை ஒரு புகாரும் இல்லை.

வெள்ளத்தன்று

பழக்கியதில் கடைசிப் பாடம் ஒன்று உண்டு. சின்னப் பயணக் கூண்டு ஒன்றை ஹாலில் திறந்து வைத்து, அதற்குள் ஒரு தினைக் கதிரைக் கட்டிவைத்தேன். "பெட்டி" என்று சொன்னால் உள்ளே போக வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக உதவும் என்றுதான் பழக்கினேன். நவம்பர் கடைசியில் அது தானாகப் போக ஆரம்பித்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 60க்கு மேல். செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்று, சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். தாமிரபரணி நம் வாசலுக்கே வந்த ராத்திரி அது. எங்கள் வீடு தரைத்தளம். கரண்ட் போய்விட்டது. தண்ணீர் கணுக்காலுக்கு வந்ததும் மேல் மாடிப் பிள்ளைகள் வந்து கதவைத் தட்டி, "அண்ணாச்சி, இருக்கிறபடியே மேல வாங்க" என்றார்கள்.

மருந்துப் பை, பாஸ்புக், பத்திரம் இவ்வளவுதான் கையில். சார்லி இருட்டில் பயந்து கூண்டுக்குள் அடித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சின்ன வயது தீபாவளிதான் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் நான் துண்டைப் போட்டுப் பிடித்திருந்தால் அது அன்றைக்கே போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். செல்போன் வெளிச்சத்தைத் தரையில் வைத்தேன். பயணக் கூண்டைக் கதவோடு ஒட்டிப் பிடித்தேன். பேப்பர் படிக்கிற குரலில் அதன் பேரைச் சொன்னேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, என் வீட்டுக்காரி "வாங்க, வாங்க" என்கிறாள். மூன்று நிமிஷமா, ஐந்து நிமிஷமா தெரியாது. அடித்துக்கொள்வது நின்றது. "பெட்டி" என்றேன். வந்து ஏறிக்கொண்டது.

அன்று ராத்திரி இரண்டாம் மாடியில் ஒரே வீட்டில் எட்டுக் குடும்பம் இருந்தோம். அரிசியும் தண்ணீரும் பங்கு போட்டோம். சார்லிக்கும் ஒரு பிடி கம்பு யார் வீட்டிலிருந்தோ வந்தது. கொடுத்தவருக்கு இன்றும் நன்றி. முதல் நாள் அது யார் பக்கமும் திரும்பவில்லை. இரண்டாம் நாள் காலையில் கொண்டை தளர்ந்தது, பிள்ளைகளைப் பார்த்து விசில் அடித்தது. அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கேதான் உங்களுக்கெல்லாம் கிளி ஆசை வந்தது. எனக்குத் தெரியும்.

அந்தப் பச்சைக் குஞ்சு

ஆசைப்பட்ட ஒரு வீட்டில் போன வருஷம் சந்தையில் ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு வாங்கிவிட்டார்கள். யார் என்று சொல்ல மாட்டேன். நல்ல மனசோடு செய்தது. என்னிடம் பழக்கித் தரச் சொல்லிக் கொண்டு வந்தார்கள். இறக்கை வெட்டப்பட்டிருந்தது. என் அப்பா வாங்கி வந்த அதே கிளி மாதிரி இருந்தது.

நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது குற்றம். 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2022இல் திருத்தப்பட்ட பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. மூன்று வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நடிகர் வீட்டில் இரண்டு பெரிய பச்சைக்கிளிகள் இருந்ததற்கு வனத்துறை இரண்டரை லட்சம் ரூபாய் வசூலித்தது. 2024 தேர்தல் சமயத்தில் கடலூர்ப் பக்கம் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் பார்த்தவரிடமிருந்தும் கிளிகளைப் பறிமுதல் செய்தார்கள். "கோயிலிலேயே கிளிக்கூட்டு மண்டபம் இருக்கிறதே" என்று கேட்கலாம். மதுரையில் மண்டபத்துக்கு அந்தப் பேர் இருக்கிறது; சட்டம் அதற்குப் பிறகு வந்தது.

நாங்கள் அந்தக் குஞ்சை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்தோம். நாமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் சரியான வழி. அந்த வீட்டுப் பிள்ளை வழியெல்லாம் அழுதது. அதனிடம் நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அந்தக் குஞ்சு உன்னை நம்ப முடியாது கண்ணு. அதன் அம்மாவிடமிருந்து எடுத்து, இறக்கையை வெட்டி, அதற்குப் பிறகுதான் உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள். நீ எவ்வளவு தினை கொடுத்தாலும் அந்தக் கணக்கு சரியாகாது.

வெளிநாட்டுப் பறவைகளுக்கும் விதி உண்டு. காக்கட்டீல், லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிற பட்ஜி இரண்டுக்கும் பதிவு தேவையில்லை. சன் கன்யூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, மக்காவ் போன்றவை சைட்டிஸ் என்கிற பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் இருப்பதால், 2024 பிப்ரவரியில் வந்த விதிப்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். வாங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். ஆன்லைன் படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், படிவம் நிரப்புவது எனக்குப் பழகிய தொழில். புதிதாகக் கடையில் வாங்குவதைவிட, வளர்க்க முடியாமல் யாராவது கொடுக்கிற பறவையை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பச்சைக்கிளிதான் வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி. சென்னை ராயப்பேட்டையில் சேகர் என்று ஒருவர், கேமரா பழுது பார்த்தவர். 2004 சுனாமிக்குப் பிறகு தன் மொட்டை மாடிக்கு வந்த ஒன்றிரண்டு கிளிகளுக்கு ஊறவைத்த அரிசி வைக்க ஆரம்பித்தார். வருஷங்கள் போகப் போக ஆயிரக்கணக்கில் வந்தன. பலகைகளை வரிசையாகப் போட்டு, காலையும் மாலையும் தன் கையால் அரிசி வைத்துவந்தார். பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி இறங்கின. கூண்டு ஒன்றுகூட இல்லை. அத்தனை கிளியும் பறந்து போகலாம். மறுநாள் திரும்பி வந்தன. நான் இந்தப் பேச்சில் சொன்ன எல்லாவற்றையும் அவர் ஒரு படி அரிசியில் செய்து காட்டிவிட்டார்.

நமக்கு அந்த அரிசிகூட வேண்டாம். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நம் மொட்டை மாடிக்கு வாருங்கள். ஆற்றங்கரை வாழைத்தோட்டத்துப் பக்கமிருந்து பரம்புக்கு மேலாகக் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு போகும். பனை மரப் பொந்தில்தான் அவை குஞ்சு பொரிக்கின்றன. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மதில் ஓரமாக நிற்கிற இரண்டு மொட்டைப் பனைகளை, வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டப்போவதாகக் கேள்விப்பட்டேன். அதில் ஒன்றில் பொந்து இருக்கிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் அவை குஞ்சு பொரிக்கிற முக்கியமான காலம். விழுந்துவிடுகிற நிலையில் மரம் இருக்கிறதா என்று பார்ப்போம், இல்லையென்றால் விட்டுவிடுவோம். என் ஸ்கூட்டரை வெளியே நிறுத்த நான் தயார்.

சார்லியைப் பார்க்க விரும்புகிற பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வரலாம். ஒரு நேரத்தில் இரண்டு பேர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அது வந்தால் வரும். வராவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.



(பின்குறிப்பு: கூட்டம் முடிந்ததும் சங்கத் தலைவரும் செயலாளரும் மதில் ஓரப் பனைகளைப் பார்வையிட்டார்கள். மே மாதம் வரை இரண்டையும் தொடுவதில்லை என்று முடிவாகியிருக்கிறது.)